1888 ஹே மெடோ கொலை வழக்கு: சாட்சியம் எங்கே கிடைக்கும்?

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தலைமையிடம் யாருக்கு என்று ஹியூகோட்டன், உட்ஸ்டேல் ஆகிய ஊர்கள் அடித்துக்கொண்டதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். தலைமையிடம் கிடைத்தால் நீதிமன்றம் வரும், மனை விலை ஏறும். அதற்குத்தான் இத்தனை ரத்தம்! ஆனால் ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

1888 ஜூலை 25 இரவு, எந்த மாநிலத்திலும் சேராத 'நோ மேன்ஸ் லேண்ட்' பகுதியில், புல் அறுப்பவர்களின் முகாமில் தங்கியிருந்த உட்ஸ்டேல்காரர்களை ஹியூகோட்டன் தரப்பு வளைத்தது. ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டு சுட்டார்கள். ஷெரிஃப் ஜான் கிராஸ் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். ஹெர்பர்ட் டோனி என்ற இளைஞர் மட்டும் குண்டடியோடு, செத்தவர் மாதிரி கிடந்து தப்பினார். எனக்கு வேண்டியது அவர் சொன்ன சாட்சியம்.

வழக்கு டெக்சாஸின் பாரிஸ் நகரில் நடந்தது. 1891இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்த தீர்ப்பைப் படித்துவிட்டேன். அதில் முழு விசாரணைப் பதிவு இல்லை. அந்தக் காலப் பத்திரிகைகளைப் புரட்டினால், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ஊருக்குக் கொடி பிடிக்கிறது. ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை.

பாரிஸ் விசாரணையில் டோனி சொன்ன சாட்சியத்தின் ஸ்கேன் பிரதியை இந்தியாவில் இருந்தபடியே எப்படி வாங்குவது?