பதினைந்து வயசுப் பையனோட எப்படிப் பேசுறீங்க? அப்பாமார் சொல்லுங்க

ஸ்தோத்திரம் சகோதரர்களே. மியான்மர்ல யாங்கோனிலிருந்து எழுதுறேன். மூத்தவனுக்கு 15 வயசு, சின்னவளுக்கு 9. சின்னவளுக்கு வாய் ஓயாது, அவளைப் பத்திக் கவலை இல்லை. பெரியவன்தான். எதைக் கேட்டாலும் "சரிப்பா"ன்னு ஒத்தை வார்த்தை, உடனே போன் பக்கம் திரும்பிடுவான்.

கரண்ட் போயிட்டா சார்ஜ் லைட்டை வச்சுத்தான் குடும்ப ஜெபம். அந்த வெளிச்சத்துல அவன் முகத்தைப் பார்த்தா, ஆமென் எப்ப வரும்னு காத்திருக்கிறது தெரியும். "ஆண்டவரே, இவன் ஒழுங்கா படிக்கணும்"னு ஜெபத்துக்குள்ளேயே பிள்ளைக்குப் புத்தி சொல்றது எனக்குப் பிடிக்காது. (எங்க பெரியவங்க அதுல கெட்டிக்காரங்க!)

இப்ப விஷயம் என்னன்னா, சிநேகிதங்களோட திங்யானுக்கு, அதான் பர்மியப் புத்தாண்டுத் தண்ணித் திருவிழாவுக்குப் போகணுங்கிறான். சில வருஷம் அது ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரத்துலயே வந்து விழுந்துடும். ஒரேயடியா வேண்டாம்னு சொல்ல மனசில்லை. பெரிய வெள்ளி ஆராதனைக்கு அவனா கிளம்பி வரணும்னும் ஆசை. பேச்சை எங்கே ஆரம்பிக்கிறது? பர்மியத்துல சரளமாப் பேசுவான், தமிழ்ல தயங்குவான். நானும் பர்மியத்துலயே பேசட்டுமா?

நீதிமொழிகள்ல வர்ற பிரம்பு வசனத்தைத் தயவுசெஞ்சு அனுப்பாதீங்க, இங்கே நிறையப் பேர் சொல்லியாச்சு. எபேசியர் 6:4-ல "பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்"னு முதல்லயே வருதே, அதை வீட்டுல கடைப்பிடிக்கிற அப்பாமார், நீங்க பிள்ளைகிட்டச் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்க. குரல் பதிவு வேண்டாம், இங்க நெட்ல இறங்காது.