தலைக்கு மேல் சூப்பர்சானிக் தனி ஜெட் பறந்தால் பண்ணைக் கோழிகள் தாங்குமா?

வேலந்தாவளம் பண்ணை:
பாலக்காடு பக்கம், வேலந்தாவளத்தில் பிராய்லர் ஷெட் வைத்திருக்கிறேன். போன மாதம், குஞ்சு விட்டு 28-வது நாள், வானத்தில் டமார் என்று ஒரு சத்தம். தகரம் அதிர்ந்தது. அத்தனை கோழியும் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறியதில் 23 நசுங்கிச் செத்தன. சாவு கூடினால் வளர்ப்புக் கூலி குறையும். ஏதோ போர் விமானம் ஒலி வேகத்தைத் தாண்டியிருக்கும் என்று டீக்கடையில் சொன்னார்கள். இனி பணக்காரர்களின் தனி ஜெட்டும் அந்த வேகத்தில் வரப்போகிறதாமே? சத்தமில்லாமல் பறக்க முடியுமா?

சித்தூர் மெக்கானிக்:
அண்ணா, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. விமான என்ஜின் வேலையில் 15 வருடம் இருந்தவன் நான். அந்த இடி, ஒலி வேகத்தைத் தாண்டும் நொடியில் மட்டும் வருவதில்லை. படகுக்குப் பின்னால் அலை வருவது போல, அந்த வேகத்தில் பறக்கும் வரை தரையில் கூடவே வரும். வழியிலுள்ள ஒவ்வொரு ஊருக்கும் ஒரு இடி. 1973-ல் அமெரிக்கா தன் நிலத்துக்கு மேல் பயணிகள் விமானம் அப்படிப் பறக்கத் தடை போட்டது இதனால்தான்.

ஏரியான் நிறுவனம் 8 முதல் 12 பேர் ஏறும் ஏஎஸ்2 ஜெட்டைத் திட்டமிட்டது. கடல் மேல் மாக் 1.4, அதாவது ஒலி வேகத்தைப் போல 1.4 மடங்கு; நிலத்தின் மேல் அதைவிட மெதுவாக, ஒலி வேகத்தைச் சற்றே தாண்டி. தரையோரக் காற்று சூடானது, அதில் ஒலி வேகமாகப் போகும். அதனால் மேலிருந்து வரும் அலை தரையைத் தொடாமல் வளைந்து திரும்பிவிடும். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் கானல் தெரிகிறதே, அங்கே வெளிச்சம் வளைவதும் இப்படித்தான். நல்ல யோசனை. ஆனால் தயாரிப்புக்குப் பணம் திரட்ட முடியாமல் 2021 மே மாதம் கம்பெனியையே மூடிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏரோ மாணவி, கோவை:
இன்னொரு வழி விமானத்தின் வடிவம், அண்ணா. நாசாவின் எக்ஸ்-59 சோதனை விமானம் சுமார் 30 மீட்டர் நீளம், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மூக்கு மட்டுமே! முன்கண்ணாடி கிடையாது, விமானி கேமரா திரையைப் பார்த்துத்தான் ஓட்டுவார். என்ஜின் முதுகில். அதிர்வலைகள் ஒன்றுசேர்ந்து இடியாகாமல் பிரிந்தே இறங்கும். கார் கதவு சாத்தும் அளவுக்குச் சத்தத்தைக் குறைப்பதுதான் குறி. 2025 அக்டோபர் 28-ல் முதல்முறை பறந்தது. அதே வருடம் ஜூனில், பழைய தடையை நீக்கச் சொல்லி அமெரிக்க அதிபர் உத்தரவும் போட்டுவிட்டார். பிறகு எக்ஸ்-59-ஐ ஊர்களுக்கு மேல் பறக்கவிட்டு, கீழே இருப்பவர்களிடம் எப்படிக் கேட்டது என்று விசாரிக்கப் போகிறார்கள்.

வேலந்தாவளம் பண்ணை:
சரி அம்மிணி, இருவருக்கும் நன்றி. இதைப் படித்துவிட்டு, தீவன வேன் கதவை ஷெட் வாசலில் ஓங்கிச் சாத்திப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவை தலையைத் தூக்கின, ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் திரும்பவும் தீனிக்குக் குனிந்துவிட்டன. அந்த ஊர்களில் விசாரிக்கும்போது பண்ணைக்காரர்களையும் கேட்பார்களா?