கட்டணமில்லாத் தரவு விளக்கப்பட மென்பொருள்: எதில் தொடங்குவது?

ஆய்வு மாணவி (கேள்வி)

வணக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக மாவட்டங்களின் எழுத்தறிவு விகிதத்தை, ஆண், பெண் எனப் பிரித்து விளக்கப்படங்களாக வரைய விரும்புகிறேன். கல்லூரி ஆய்விதழில் அச்சாக வேண்டும் என்பதால் படத்திலுள்ள எழுத்துகள் தமிழிலேயே அமைய வேண்டும். என் மடிக்கணினியில் உபுண்டு இயங்குதளம் உள்ளது; நிரல் எழுதத் தெரியாது. எங்கே தேடினாலும் டேப்லோ பப்ளிக், பவர் பிஐ ஆகிய பெயர்களே முன்னால் வருகின்றன. இவை தவிர, நான் வீடு வீடாகச் சென்று திரட்டிய விவரங்களும், குடும்பத் தலைவர்களின் பெயர்களுடன், தனிக் கோப்பாக உள்ளன. எதில் தொடங்கலாம்?

புள்ளியியல் ஆசிரியர்

நீங்கள் கண்ட இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோசில் மட்டுமே இயங்கும். டேப்லோ பப்ளிக், பெயருக்கேற்ப, பொதுவெளியில் பகிர்வதற்கென்றே அமைந்தது. எனவே பெயர்கள் அடங்கிய உங்கள் கள விவரங்களை அதில் ஏற்றவே கூடாது. அந்தக் கோப்பில் பெயர்களை நீக்கி எண்களாக மாற்றிய பிறகே எந்த மென்பொருளையும் நாடுங்கள்.

முதல் படத்தை டேட்டாராப்பர் என்னும் இணையவழி விளக்கப்படக் கருவியில் வரைந்து பாருங்கள். அது உலாவியிலேயே இயங்குவதால் உபுண்டு ஒரு தடையாகாது. மாவட்டம், ஆண், பெண் என மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையை ஒட்டினால் போதும். மாவட்டங்களை அகர வரிசையில் விடாமல் விகிதத்தின்படி வரிசைப்படுத்துங்கள். கன்னியாகுமரி (91.75%) ஒரு முனையிலும் தருமபுரி (68.54%) மறுமுனையிலும் நிற்க, இடையிலுள்ளவை எப்படிப் பரவியுள்ளன என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

பட்டைப் படம் வரைந்தால் அளவுகளைக் காட்டும் அச்சு (axis) பூச்சியத்தில்தான் தொடங்க வேண்டும். பட்டையின் நீளமே அளவைச் சொல்வதால், 60இல் தொடங்கும் பட்டை வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டும். ஆனால் ஆண், பெண் விகிதங்களை இரு புள்ளிகளாக வைத்து ஒரு கோட்டால் இணைக்கும் படத்தில் நீளம் இடைவெளியை மட்டுமே குறிப்பதால், அச்சை 50இலிருந்து தொடங்கினாலும் குற்றமில்லை. மாநில அளவில் 86.77, 73.44 என்றிருக்கும் அந்த இடைவெளி எந்த மாவட்டத்தில் விரிகிறது என்பதுதான் உங்கள் கட்டுரைக்குத் தேவை என நினைக்கிறேன்.

இதழ் வடிவமைப்பாளர்

ஆசிரியர் சொன்னது திரையில் பார்ப்பதற்குச் சரி. அச்சுக்கு ஒரு சிக்கல் உண்டு. டேட்டாராப்பரின் கட்டணமில்லாத் திட்டத்தில் பிஎன்ஜி படம் மட்டுமே கிடைக்கும்; புள்ளிகளால் ஆன அது பெரிதாக்கினால் மங்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி வடிவம் வேண்டுமானால் லிப்ரே ஆபிஸ் கால்க் என்னும் விரிதாள் மென்பொருளில் வரைந்து படத்தை ஏற்றுமதி செய்யலாம். அல்லது ராகிராஃப்ஸ் என்னும் திறமூலக் கருவியைப் பயன்படுத்தலாம். இத்தாலியின் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான இதில் தரவு உங்கள் உலாவியை விட்டு வெளியே போவதில்லை என்பதால், கள விவரங்களுக்கும் இதுவே பாதுகாப்பு.

எஸ்விஜி கோப்பை இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் திறந்து, தமிழ் எழுத்துகள் அனைத்தையும் அவுட்லைனாக (எழுத்துருவைச் சாராத வெறும் வடிவங்களாக) மாற்றிய பிறகே டிடிபி (பக்க வடிவமைப்பு) செய்பவரிடம் கொடுங்கள். இல்லையேல் அவருடைய கணினியில் ஒற்றைக்கொம்பு எழுத்தைத் தாண்டிப் போய் நிற்கும். ‘தென்காசி’ படிக்க முடியாததாகிவிடும். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) கால்க்கில் திறக்கும்போது, தமிழ் எழுத்துகள் சிதையாமலிருக்க, எழுத்துக்குறியாக்கம் யுடிஎஃப்-8 என்றிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. இதே விகிதங்களை மாவட்ட எல்லைகளோடு கூடிய நிலப்படத்தில் நிறங்களாகக் காட்ட முடியுமா?

நிலப்படப் பணியாளர்

முடியும்; கியூஜிஐஎஸ் என்னும் நிலப்பட மென்பொருள் உபுண்டுவில் நன்றாக இயங்கும், முழுவதும் இலவசம். மென்பொருளைக் காட்டிலும், மாவட்ட எல்லைகளின் வடிவத்தைத் தரும் எல்லைக் கோப்புதான் உங்களைச் சோதிக்கும். 2011இல் இருந்தவை 32 மாவட்டங்கள், இன்று 38. புதிய கோப்பை இணைத்தால் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆறும் தரவின்றி வெறுமையாக நிற்கும். அதைவிட மோசம், திருநெல்வேலியின் பழைய விகிதம் சுருங்கிய இன்றைய திருநெல்வேலியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பார்ப்பவருக்கு அது பிழையாகவே தெரியாது.

எனவே 2011ஆம் ஆண்டு எல்லைக் கோப்பையே தேடி எடுங்கள். இன்றைய எல்லைகளை ஒன்றிணைத்துப் பழைய மாவட்டங்களைப் பெறலாம் எனச் சிலர் சொல்வார்கள். ஆனால் 2018இல் அண்டை மாவட்டப் பகுதிகளைச் சேர்த்துச் சென்னை விரிவாக்கப்பட்டதால் அங்கே அந்த வழி பலிக்காது. இன்றைய மாவட்டங்களைத்தான் காட்ட வேண்டுமென்றால், வட்ட அளவிலான எண்ணிக்கைகளைக் கூட்டி விகிதத்தைப் புதிதாகக் கணக்கிடுங்கள். வட்டங்களின் விகிதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. எழுத்தறிந்தோர் தொகையை, ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைக் கழித்த மக்கள்தொகையால் வகுக்க வேண்டும்.