மழை பெய்தால் பெஞ்சு விளக்கு தானாக எரிகிறது: பொது இருக்கையில் சென்சார் கோளாறு, உதவி தேவை

அலைவரி (கேள்வி)
பூங்காவில் வைப்பதற்காக மூன்று மீட்டர் நீளப் பெஞ்சு ஒன்றைச் செய்கிறோம். 18 மி.மீ. பிளைவுட்டை சிஎன்சி ரவுட்டரில் (கணினிக் கோப்பின்படி மரம் வெட்டும் இயந்திரம்) விலாச் சட்டங்களாக வெட்டி, 20 மி.மீ. இடைவெளி விட்டு, நீளவாக்கில் ஓடும் இரண்டு எஃகுக் குழாய்களில் கோத்திருக்கிறோம். ஆள் உட்கார்ந்தால் அவருக்குக் கீழே எல்.இ.டி. ஒளிர வேண்டும், இரண்டு பேர் உட்கார்ந்தால் இரு ஒளிகளும் நகர்ந்து நடுவில் கலக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் செப்பு நாடா ஒட்டி, கெபாசிட்டிவ் முறையில் (உடல் அருகில் வந்தால் மாறும் மின்தேக்கத்தை அளந்து) உணர்கிறோம்.

பட்டறைக்குள் சொன்னபடி கேட்டது. வெளியில் வைத்ததும் தூறலுக்கே பெஞ்சு முழுவதும் விளக்கு எரிகிறது. மரம் காயும்வரை அணைவதில்லை. வரம்பை உயர்த்தினால் ஆள் உட்கார்ந்தாலும் எரிய மறுக்கிறது. நிரலிலேயே இதைச் சரிசெய்ய முடியுமா? இன்னொன்று: ஒரே கோப்பில் வெட்டியும் சில சட்டங்கள் அவற்றுக்காக வெட்டிய பள்ளத்தில் இறங்கவில்லை, சில ஆடுகின்றன.

எடைக்கல்
நிரலில் மல்லுக்கட்ட வேண்டாம். தண்ணீரின் மின்காப்பு மாறிலி (ஒரு பொருள் மின்தேக்கத்தை எத்தனை மடங்கு கூட்டும் என்ற அளவு) ஏறத்தாழ 80, காய்ந்த மரத்துக்கு ஒற்றை இலக்கம்தான். ஈரம் படிந்த பலகையும் உட்கார்ந்த மனிதரும் அந்த நாடாவுக்கு ஏறக்குறைய ஒன்றே. எடையை அளக்கும் லோட் செல்லுக்கு மாறுங்கள். குளியலறை எடைப்பொறியில் வரும் 50 கிலோ வகை நான்கை ஒரே பாலமாக (நான்கும் சேர்ந்து ஒரே அளவு தரும் மின்சுற்றாக) இணைத்து, அந்தச் சிறு மின்னழுத்தத்தை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 சில்லில் கொடுத்தால் போதும். அது நொடிக்கு 10 அல்லது 80 அளவீடுகள் தரும், 80-ஐத் தேர்ந்தெடுங்கள்.

அலைவரி
பெஞ்சின் இரு முனைகளிலும் வைத்து, விகிதத்தைக் கொண்டு இடத்தைக் கணக்கிடலாமா?

எடைக்கல்
ஒருவர் என்றால் முடியும். ஒரே எடையுள்ள இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தாலும், அவர்கள் நடுவில் நெருங்கி உட்கார்ந்தாலும் முனைகளில் விழும் எடை ஒன்றுதான். உங்கள் வடிவமைப்பின் உயிரே அந்த வேறுபாட்டில் இருக்கிறது. ஆகவே இருக்கையைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நான்கு செல்களின் மேல் நிறுத்துங்கள்.

உங்கள் எஃகுக் குழாய்கள்தான் இங்கே வில்லன். அவை எல்லாச் சட்டங்களுக்குள்ளும் ஓடுவதால் ஒரு பகுதியின் எடையை அடுத்ததற்குக் கடத்திவிடும். ஒவ்வொரு பகுதியின் எல்லையிலும் குழாயை வெட்டியே ஆக வேண்டும். தரையோடு போல்ட் போடுவது கீழ்ச்சட்டகத்துக்கு மட்டும்; செல்லைத் தாண்டி எடை இறங்க வேறு வழி இருக்கக் கூடாது. யாராவது ஏறிக் குதிப்பார்கள், சந்தேகமே வேண்டாம். பலகை ஓர் அளவுக்கு மேல் அமுங்காதபடி, உயரம் மாற்றக்கூடிய தாங்கு திருகுகளை அடியில் வையுங்கள்.

ஈரமரம்
செல் மாற்றினாலும் மழைத் தொல்லை முழுதாகப் போகாது. நனைந்த மரம் கனக்கும். வெயிலில் செல்லின் சுழிநிலை (எடை இல்லாதபோது அது காட்டும் அளவு) நகரும். நான் எடையின் அளவைப் பார்க்கவே மாட்டேன், மாறும் வேகத்தைப் பார்ப்பேன். மரம் கனக்கப் பல நிமிடங்கள் ஆகும். மனிதர் ஒரு நொடியில் உட்கார்ந்துவிடுகிறார். ஆள் இல்லாதபோது மட்டும் சுழிநிலையை மெதுவாகத் திருத்துங்கள். ஆள் வந்ததும் திருத்தத்தை உறையவைத்துவிடுங்கள். இல்லையென்றால் நெடுநேரம் புத்தகம் படிப்பவரை நிரல் மரத்தோடு சேர்த்துக் கணக்கில் விழுங்கி, விளக்கை அணைத்துவிடும்.

அலைவரி
பையை வைத்துவிட்டுப் போனால்?

ஈரமரம்
பை அசையாது. எவ்வளவு சும்மா உட்கார்ந்திருந்தாலும் மனிதரின் எடை அளவீட்டில் சிற்றசைவு இருந்துகொண்டே இருக்கும். சில நொடிகளில் அளவீடுகள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்ற சிதறலைக் கணக்கிட்டுப் பாருங்கள். செல்லின் சொந்த இரைச்சலைவிடக் கூடுதலாக இருந்தால் ஆள். பாஸ்டனில் 2014-இல் வைக்கப்பட்ட ‘ஸ்விங் டைம்’ ஒளிவளைய ஊஞ்சல்களில் அசைவை உணரும் முடுக்கமானியே போதுமானதாக இருந்தது, ஏனெனில் ஊஞ்சல் தானே ஆடுகிறது. பெஞ்சுக்கு அந்த வசதி இல்லை.

உளிவாய்
சட்டங்கள் பற்றி. 18 என்று விற்கும் பிளைவுட் 18 ஆக இருப்பது அரிது. ஒவ்வொரு பலகையையும் பல இடங்களில் வெர்னியரால் அளந்து, தடிமனைக் கோப்பில் ஒரு மாறியாக வையுங்கள். பள்ள அகலம் 0.1 மி.மீ. வீதம் கூடும் சோதனைத் துண்டை முதலில் வெட்டுங்கள். வார்னிஷ் பூசிய பிறகு நுழைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பக்கவாட்டில் உரசாமல் அடியில் மட்டும் நின்றுவிட்டால் காரணம் வேறு: சுழலும் உருளை வெட்டுமுனை உள்மூலையைச் சதுரமாக வெட்டாது. மூலையைத் தாண்டிச் சிறு வட்டக் குழி விடுங்கள்.

உங்கள் 20 மி.மீ. இடைவெளிதான் எனக்குக் கவலை. விளையாட்டுத் திடல் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 1176, விரல் சிக்கும் அபாயமாகப் பார்ப்பது 8 முதல் 25 மி.மீ. வரை. பெஞ்சுக்கு அது கட்டாயமில்லை, ஆனால் ஒளி வரும் துளையில் குழந்தை விரலை விடாமல் இருக்காது. 7 மி.மீ. ஆக்குங்கள்.

அலைவரி
7 மி.மீ. என்றால் சட்டங்களின் எண்ணிக்கை கூடும், எடையும் கூடும். செல்கள் தாங்குமா?

எடைக்கல்
நான்கு செல்லுக்கு 200 கிலோ என்பது மரத்தையும் சேர்த்துத்தான். ஒரு பகுதியை முழுதாகக் கோத்து எடை போடுங்கள். 200-இல் அதைக் கழித்தபின் ஒருவர் தடாலென்று உட்காரும் விசைக்கு இடம் இல்லையென்றால், பெரிய செல் வாங்குங்கள்.