கிராயோவாவின் நான்கு பட்டங்கள்: பட்டா யார் பெயரில்?

இடதுவிங் இளங்கோ

ருமேனியாவின் தென்மேற்கில் ஒல்தேனியா என்று ஒரு வட்டாரம். அதன் பெரிய ஊர் கிராயோவா. அங்கே 2021-22 சீசனில் ஒரு கூத்து நடந்தது. நாட்டின் முதல் டிவிஷன் கால்பந்தில், யூனிவெர்சிடாட்யா கிராயோவா என்ற பழைய கிளப்பின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு இரண்டு அணிகள் ஆடின. இரண்டுக்கும் நீல வெள்ளைதான் நிறம். இரண்டும் "1948ல் பிறந்தது நான்தான், 1974, 1980, 1981, 1991 லீக் பட்டங்கள் என்னுடையவை" என்றன. ஒன்று சி.எஸ்., 2013ல் களத்துக்கு வந்தது. மற்றது எஃப்.சி. யூ 1948, 2017ல் நாலாம் டிவிஷனில் தொடங்கி மேலே ஏறியது.

என் ஓட்டு சி.எஸ்.ஸுக்கு. 2018லும் 2021லும் ருமேனியக் கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்தது அதுதான். எதிர்க்கட்சிக்காரர்கள் வாருங்கள், மரியாதையாகப் பேசுவோம்.

ஆஃப்சைடு ஆறுமுகம்

மரியாதையாகவே கேட்கிறேன் தம்பி. 2013ல் பிறந்த பிள்ளைக்கு 1974ல் எப்படிக் காதுகுத்து நடந்தது?

1991லிருந்து 2011 வரை அந்த ஊர் சார்பாக ஆடியது எஃப்.சி. (எஃப்.சி. யூ 1948 தன்னை அதன் தொடர்ச்சி என்று சொல்லிக்கொண்டது). 1993 கோப்பையை ஜெயித்தது அது. 2005ல் கீழே விழுந்து 2006ல் எழுந்து வந்ததும் அதுதான். 2011 ஜூலையில் ருமேனியக் கால்பந்து சங்கம் அதை வெளியே தள்ளியது. தோற்றதற்காக இல்லை. முன்னாள் பயிற்சியாளர் ஒருவரோடு இருந்த பணத் தகராறைச் சங்கத்தின் பஞ்சாயத்தோடு நிறுத்தாமல் சாதாரண கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள், வழக்கை வாபஸ் வாங்க மறுத்தார்கள். அதற்கு இந்தத் தண்டனை. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். வீட்டுக்காரனை விரட்டிவிட்டு, இரண்டு வருஷம் கழித்து வேறொருவரைத் திண்ணையில் உட்காரவைத்து "இவர்தான் மூத்த பிள்ளை" என்றால் ஊர் ஒத்துக்கொள்ளுமா?

இடதுவிங் இளங்கோ

வேறொருவர் இல்லை அண்ணா, அங்கேதான் விஷயமே இருக்கிறது. 1948ல் பேராசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து தொடங்கியது பல்கலைக்கழக விளையாட்டுக் கழகம். கால்பந்து அதில் ஒரு பிரிவு மட்டும். அதனால்தான் பழைய ஆள்கள் இன்றைக்கும் அணியை "ஷ்டீன்ட்சா", அதாவது அறிவியல் என்று கூப்பிடுகிறார்கள். 1991ல் கால்பந்துப் பிரிவு தனி கிளப்பாகப் பிரிந்து போனது. தாய்க்கழகம் மற்ற விளையாட்டுகளோடு அப்படியே இருந்தது. 2013ல் அது கால்பந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தாய்ப்பத்திரம் எங்களிடம். எஃப்.சி. இருபது வருஷம் குடியிருந்த வாடகைக்காரர்.

கோல்கிக் மைதீன்

இளங்கோ, 1991ஐ ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அந்த வசந்தத்தில் சொரின் கிர்ட்சு பயிற்சியில் லீக், கோப்பை இரண்டும் கிராயோவாவுக்கு. அந்தப் பட்டத்தை வைத்துத்தான் அதே ஆண்டு ஐரோப்பியக் கோப்பைக்குப் போனார்கள். சைப்ரஸின் அப்போலன் லிமசோலை உள்ளூரில் 2-0 ஜெயித்து, அங்கே போய் 0-3 வாங்கித் திரும்பினார்கள். உங்கள் கணக்குப்படி பட்டம் வாங்கியவர் ஒருவர், அதைக் காட்டி ஐரோப்பா போனவர் இன்னொருவரா? தோல்வியை மட்டும் எஃப்.சி. தலையில் கட்டுகிறீர்கள்.

அந்த நாளில் இதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவும் இல்லை. 1989 டிசம்பரில் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தது. அப்புறம் அரசுப் பணத்தில் ஓடிய கிளப்புகள் எல்லாம் புதுப்பேரில், புதுக் காகிதத்தில் பதிந்துகொண்டிருந்த காலம். இருபது வருஷம் கழித்து அந்தக் காகிதத்தில் வில்லங்கம் தேடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

புதுசு_குட்டி

ஒரு சின்ன சந்தேகம். மாகாண ஊர் கிளப்தானே? இவ்வளவு சண்டை எதற்கு?

பழையசோறு பரமு

வாம்மா குட்டி, இதைக் கேட்க ஆளில்லையே என்றுதான் இருந்தேன்.

அந்த நாட்டில் அப்போது கால்பந்து என்றால் தலைநகர் புக்கரெஸ்ட். ஸ்டெயௌவா ராணுவத்தின் அணி, டினமோ உள்துறை அமைச்சகத்தின் அணி. பட்டங்கள் பெரும்பாலும் அவர்களுக்குள்ளேயே சுற்றும். 1973ல் கிராயோவாவும் டினமோவும் சம புள்ளி, கோல் வித்தியாசத்தில் டினமோவுக்குப் போனது. அடுத்த வருஷம் கிராயோவா எடுத்துவிட்டது. அந்த அணியில் ஒப்லெமென்கோ இருந்தார், நாலு முறை லீக்கின் அதிக கோல்காரர். இப்போதைய மைதானத்துக்கு அவர் பெயர்தான். அதே அணியில் இலியே பலாச்சி என்ற பையனும் இருந்தான். பட்டம் வாங்கும்போது வயது பதினேழு.

அந்தப் பையன் வளர்ந்தபின் நடந்ததுதான் ஐரோப்பிய கிளப்புகளுக்கான 1982-83 யுஇஎஃப்ஏ கோப்பை. ஃபியோரென்டினாவை 3-1 அடித்து, அங்கே 0-1 தோற்றும் தாண்டினார்கள். பிரான்சின் போர்தோவிடம் 0-1 தோற்று, உள்ளூரில் கூடுதல் நேரத்தில் 2-0. காலிறுதியில் கைசர்ஸ்லௌடர்ன். அதற்கு முந்தின சீசனில்தான் அவர்கள் ரியல் மாட்ரிட்டை 5-0 அடித்திருந்தார்கள். ஜெர்மனியில் 2-3 தோல்வி. உள்ளூரில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, 0-0. கடைசியில் டிஃபெண்டர் நெக்ரிலா ஒன்று போட்டார். மொத்தம் 3-3. சமமானால் வெளியூரில் அதிக கோல் அடித்தவருக்கே வெற்றி என்பது அன்றைய விதி, வெளியூரில் அடித்த இரண்டு கோல் கரைசேர்த்தது.

அரையிறுதி பென்ஃபிகா. லிஸ்பனில் 0-0. கிராயோவாவில் பலாச்சி கோல் போட்டார், ஊரே இறுதிக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. இரண்டாம் பாதியில் ஃபிலிபோவிச் ஒன்றைத் திருப்பினார். 1-1. பென்ஃபிகாவிடம் கிராயோவா ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, ஆனால் வெளியே. ஜெர்மன்காரர்களைக் கழற்றிவிட்ட அதே வெளியூர் கோல் விதி அடுத்த சுற்றிலேயே இவர்களைக் கழற்றிவிட்டது. பதிவு யூடியூபில் இருக்கிறது, நான் அந்த இரண்டாம் பாதியை ஒருமுறைக்கு மேல் பார்க்கவில்லை.

ஒல்தேனியாக்காரர்களை லீக்ஸ் (வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய்கறி) தின்னிகள் என்று நாடே கேலி செய்யும். அந்த லீக்ஸையே இவர்கள் பெருமையாகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். லீக் ஆட்டத்துக்கு லீக்ஸ், என்ன பொருத்தம் பாருங்கள். சண்டை எதற்கு என்று கேட்டாயே, இதற்குத்தான்.

டினமோ தாசன்

ரொம்ப அழவைக்காதீர்கள் பரமு சார். சௌசெஸ்கு பிறந்த ஸ்கோர்னிசெஷ்ட் அந்தப் பக்கம்தானே? அதிகாரத்தின் செல்லப்பிள்ளை டினமோ மட்டுமா?

பழையசோறு பரமு

தாசன், ஸ்கோர்னிசெஷ்டுக்கென்று தனி கிளப் இருந்தது, எஃப்.சி. ஓல்ட். 1978ல் மூன்றாம் டிவிஷனின் கடைசி ஆட்டத்தில் 18-0 ஜெயித்து, கோல் வித்தியாசத்தில் மேலே போனது. அடுத்த வருஷமே முதல் டிவிஷன். செல்லப்பிள்ளை அது. கிராயோவா மேல் அதைப் பூசாதீர்கள்.

செல்லம் என்றால் உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லட்டுமா? எங்கள் கிராயோவா கோல்காரர் கமதாரு 1986ல் டினமோவுக்குப் போனார். அடுத்த சீசனில் 44 கோல், ஐரோப்பாவின் அதிக கோல்காரருக்கான தங்கக் காலணி. அந்தக் கோல்களில் பாதி எப்படி வந்தன என்று ஐரோப்பாவே புருவத்தைத் தூக்கியது. கடைசியில் இரண்டாமிடத்தில் இருந்த ஆஸ்திரியாவின் போல்ஸ்டருக்கும் ஒரு தங்கக் காலணி கொடுத்து விஷயத்தை முடித்தார்கள்.

டினமோ தாசன்

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேடிக்கை பார்க்கிறேன்.

ஆஃப்சைடு ஆறுமுகம்

பரமு ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதில் எந்த வரி சி.எஸ்.ஸுக்குச் சாதகம்? 1983ல் கேலரியில் நின்றவன் 1995லும் நின்றான், 2010லும் நின்றான். அப்போது முன்னால் ஆடிக்கொண்டிருந்தது எஃப்.சி. உங்கள் தாய்க்கழகம் அந்த இருபது வருஷம் கால்பந்தைத் தொடவே இல்லை. அனுபவ பாத்தியதை என்று ஒன்று இருக்கிறதே?

இடதுவிங் இளங்கோ

அதே ஆள் 2018 கோப்பை இறுதியில் ஹெர்மன்ஷ்டாட்டை 2-0 ஜெயித்தபோது யாருக்குக் கத்தினான் அண்ணா? 2017ல் பழைய மைதானம் இருந்த இடத்தில் முப்பதாயிரம் பேர் உட்காரும் புது ஒப்லெமென்கோ திறந்தார்கள். அதில் முதல் டிவிஷன் ஆட்டத்தைக் கொண்டுவந்தது சி.எஸ். அனுபவம் எங்களுக்கும் இருக்கிறது.

கோல்கிக் மைதீன்

உங்கள் இருவருக்கும் பிடிக்காததை நான் சொல்லிவிடுகிறேன். 1948ல் பிறந்தவர் 2011ல் போய்ச் சேர்ந்தார். பின்னால் வந்தவர்கள் பங்காளிகள். பங்காளிகள் இருவரும் தாத்தாவின் பெயரை வைத்துக்கொள்ளலாம், தாத்தா ஆகிவிட முடியாது.

ஆஃப்சைடு ஆறுமுகம்

மைதீன் பாய், இது நல்ல பேச்சு. ஆனால் கோப்பை அலமாரி ஒன்றுதானே இருக்கிறது, அதை என்ன செய்வது?

இடதுவிங் இளங்கோ

பாகம் பிரிப்போம் அண்ணா. 1993 கோப்பையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், எழுதியே தருகிறேன். 2005ல் கீழே விழுந்ததும் உங்களுக்கே.

ஆஃப்சைடு ஆறுமுகம்

சரி, 1993 எனக்கு. பென்ஃபிகா ஆட்டம்?

இடதுவிங் இளங்கோ

அது தர மாட்டேன்.

பழையசோறு பரமு

அதில்தான் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. அதற்குப் போய் இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறீர்களே.