அப்பாவின் நாற்காலியைத் தணலுக்குப் பக்கத்தில் போட்டோம்

தந்தையர் தினத்தை வீட்டில் எப்படிக் கொண்டாடினீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். 2025இல் தந்தையர் தினம் ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் இளைஞர் தினம், அரசு விடுமுறை. காலையில் எழுந்து வேலைக்கு ஓட வேண்டியதில்லை என்பதால், கொல்லையிலேயே பிராய் (தணலில் கறி சுட்டுச் சாப்பிடும் விருந்து) போட்டு எல்லா அப்பாக்களையும் கூப்பிடலாம் என்று தங்கையும் நானும் பேசி வைத்தோம். பெரியப்பா, சித்தப்பா, தங்கையின் மாமனார், அத்தை, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பதினெட்டுப் பேர்.

அப்பாவுக்கு 72 வயது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு பிராயில் இடுக்கி அவர் கையில்தான் இருக்கும். எல்லாருக்கும் சுட்டுக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன ஒரு துண்டைக் கடைசியில் நின்றபடியே சாப்பிடுவார். அது எனக்கு ரொம்ப நாளாக மனதை உறுத்திக்கொண்டிருந்தது. இந்த முறை அவர் எதையும் தொடக்கூடாது, உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

சனிக்கிழமை இரவே ஆட்டு சாப்ஸுக்கு மசாலா தடவி வைத்தேன். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் வாங்கிய, ‘மாமியார் மசாலா’ என்கிற காரமான மசாலாப் பொடி, இஞ்சி பூண்டு, எலுமிச்சை, எண்ணெய், உப்பு. கறி மெத்தென்று இருக்கக் கொல்லைப் பப்பாளிக்காயைத் துருவி, மூன்று கிலோவுக்கு ஒரே ஒரு கரண்டி. அதற்கு மேல் போனால் கறி கூழாகிவிடும்.

பூர்வோர்ஸ் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்தப் பெயரில் விற்கும் தொத்திறைச்சியில் குறைந்தது 90 சதவீதம் இறைச்சி இருக்க வேண்டும், கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இந்த நாட்டில் சட்டமே உண்டு. பொதுவாக மாட்டிறைச்சி சேர்ப்பார்கள். எங்கள் வீட்டில் அது ஆகாது. கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி, தனி ஆட்டிறைச்சியில் செய்து வாங்கினோம். அதில் தூக்கலாக இருப்பது வறுத்த கொத்தமல்லி விதையின் வாசம். அதனால்தானோ என்னவோ, அது நம் நாக்குக்கு அந்நியமாகவே படுவதில்லை.

அத்தை சைவம். அவருக்குத் தனி அடுப்பு, தனிக் கம்பி வலை, தனி இடுக்கி. இதில் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கறி சுட்ட வலையைக் கழுவி வைத்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் வயிறாரச் சாப்பிடவும் மாட்டார். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, அப்புறம் ரொட்டிக்கு நடுவே சீஸ், தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய் வைத்துச் சுட்டது. கடைசியில் பிள்ளைகளும் அந்த அடுப்பைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

ஜூன் இங்கே குளிர்காலம். பகலில் இதமாக இருக்கும், ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பன்னிரண்டு மணிக்கே வாட்டில் மர விறகைப் பற்ற வைத்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு மணிக்குத்தான் பற்ற வைத்தோம். மேசையின் தலைமாட்டில் மெத்தை போட்ட நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்து, பேத்தி கையால் மாலை போட்டோம். பசி நேரம், விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள். கொழுந்துவிட்டு எரியும்போதே நான் சாப்ஸை வைத்துவிட்டேன். கொழுப்பு உருகிச் சொட்ட, தீ மேலே ஏறியது. வெளியே கரி, உள்ளே பச்சை. முதல் பன்னிரண்டு துண்டுகள் வீணாயின.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது அப்பாவின் முகம். மாலையும் கழுத்துமாக, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் “சரி சரி” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ வீட்டுக்கு வந்தவர் போல இருந்தது.

தங்கைதான் முதலில் புரிந்துகொண்டாள். பேசாமல் போய் அவருடைய நாற்காலியைத் தூக்கி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டாள். “அப்பா, நீங்க சொல்லுங்க, அண்ணன் செய்யட்டும்.”

அவர் மாலையைக் கழற்றிப் பேத்தியிடம் கொடுத்தார். “தீயில சுடக்கூடாதுப்பா. தணல்லதான் சுடணும். சாம்பல் பூக்கட்டும், பொறு.” அரை மணி நேரம் ஒன்றும் வைக்க விடவில்லை. அப்புறம் வலைக்கு மேலே உள்ளங்கையை நீட்டி எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு வரை கை தாங்கினால் சாப்ஸ் வைக்கலாம். எட்டு வரை தாங்கினால்தான் பூர்வோர்ஸ். அதைக் குத்தவே கூடாது, குத்தினால் சாறெல்லாம் தணலில் போய்விடும். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிற பிள்ளைகள் ஒண்ணு, ரெண்டு என்று அவரோடு சேர்ந்து எண்ணினார்கள். நான் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே உட்கார்ந்தபின் அவருக்குப் பேச்சு வந்தது. அப்பா பிறந்தது மேகசின் பராக்ஸில். டர்பன் நகராட்சியில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களின் குடியிருப்பு அது, கடற்கரைக்குப் பக்கம். தாத்தா நகராட்சியில் தெரு கூட்டியவர். ஜூன், ஜூலையில் எங்கள் நேட்டால் கடற்கரையோரம் மத்தி மீன் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு குளிர்காலச் சாயங்காலம் தாத்தா கூடை நிறைய மத்தி கொண்டுவந்து, வாசலில் மூன்று கல் வைத்து, மஞ்சளும் உப்பும் தடவிச் சுட்டு, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாராம். 1960களில் இன வாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டத்தில் அங்கிருந்தவர்களைக் காலி செய்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அப்பாவுக்கு அப்போது 12 வயது. “இங்க வந்த பிறகு கடல் தூரமாப் போச்சு. அப்பா மீன் சுட்டு நான் அப்புறம் பார்க்கலை” என்றார்.

இத்தனை வருடங்களில் இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பா, அந்த மூன்று கல்லையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்ததாகச் சொன்னார்.

முதலில் வெந்த சாப்ஸை எலும்போடு எடுத்து அப்பா கையில் கொடுத்தேன். கொடுக்கிற வழக்கத்தில் பேத்தி பக்கம் நீட்டப் போனார். அவள் வாங்கவில்லை. “நீங்க ஃபர்ஸ்ட், தாத்தா” என்றாள். ஊதி ஊதிச் சாப்பிட்டார். மசாலா விரலில் ஒட்டியதையும் விடவில்லை.

அடுத்த வருஷம் மத்தி வாங்கலாமா என்று தங்கை கேட்டாள்.

“வாங்கு. செதில் நான் எடுத்துத் தரேன்” என்றார்.