நெல் மாதிரிப் பையின் முடிச்சை யாரோ அவிழ்க்கிறார்கள்

கேள்வி: பரந்தன் பிள்ளை

பரந்தன்-முல்லைத்தீவு வீதியில் உள்ள ஒரு தனியார் நெல் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். வந்து 4 வருடமும் 7 மாதமும் ஆகிறது. வருகிற நெல்லுக்கு ஈரம் பார்த்துத் துண்டு எழுதுவது என் பொறுப்பு. 14 வீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நிறையில் கழிப்போம்.

ஒவ்வொரு லோட்டிலும் இரண்டு கை நெல்லைப் பொலித்தீன் பையில் கட்டி, இலக்கம் போட்டு, ஜன்னலோரத் தட்டில் வைப்பேன். மறுநாள் மனேஜர் எடுத்துத் திரும்பப் பார்ப்பார். இந்தக் காலபோக வெட்டு தொடங்கிய பிறகு, நான் 13.6 என்று எழுதிய நெல் மூன்று தடவை காலையில் 15ஐத் தாண்டிக் காட்டியது. கடைசித் தடவை அந்தப் பையை நானே எடுத்துப் பார்த்தேன். நான் எப்போதும் இரட்டை முடிச்சுப் போடுவேன். அதில் ஒற்றை முடிச்சுத்தான் இருந்தது. ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தேன். முதல் நாள் டக்கென்று உடைந்த நெல், அன்றைக்கு நசிந்தது.

தராசில் நிற்கிற அண்ணையில்தான் எனக்குச் சந்தேகம். எனக்குத் தொழில் பழக்கியவரே அவர்தான். மனேஜருக்கு அடுத்த இடத்துக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து முகம் மாறிவிட்டது. லொறி நேரத்தோடு வருகிறது என்று எனக்கு வந்த அழைப்பை எடுத்துவிட்டுச் சொல்லாமல் விட்டார். நான் காசு வாங்கிக்கொண்டு ஈர நெல்லை விடுகிறேன் என்று மனேஜரிடம் அள்ளி வைத்திருக்கிறார்.

என்னைச் சொன்னால்கூடத் தாங்குவேன். தருமபுரத்து ஐயா ஒருவர் இரண்டு நாள் வீதியோரம் படங்கு விரித்துக் காயவைத்துக் கொண்டுவந்த நெல் அது. காசு கொடுக்க முதல் மறுபடி பார்த்துக் கழித்துவிட்டார்கள். "உன்னை நம்பித்தானே பிள்ளை கொண்டுவந்தனான்" என்றார். இரவில் நித்திரை இல்லை. வேலையை விட்டுவிடவா?

பதில்: மாங்குளம் மில்காரன்

தங்கச்சி, ஆளைப் பிடிக்க முதல் மீற்றரைப் பாருங்கள். பற்றரி இறங்கினாலும், குளிர்ந்த நெல்லைப் போட்டாலும் கணக்குப் பிசகும். ஒரே நெல்லை மூன்று தரம் போட்டுப் பாருங்கள். மூன்றும் ஒத்து வந்தால் மீற்றர் தடுமாறவில்லை என்றாவது தெரியும்.

பனிக்கு வாய் திறந்து கிடந்தால் நெல் ஈரம் குடிக்கும்தான், ஆனால் ஒரே இரவில் இவ்வளவு ஏறுவது கடினம். தண்ணீர் தெளித்திருந்தால் மேல் நெல்லும் அடி நெல்லும் ஒன்றாக இராது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, மனேஜருக்கு முன்னால் எழுதுங்கள். இனிமேல் ஒவ்வொரு லோட்டுக்கும் இரண்டு பை கட்டுங்கள். ஒன்று உங்களிடம், மற்றது விவசாயியிடம். இரண்டிலும் அவருடைய கையெழுத்து வாங்குங்கள்.

பதில்: பழைய சங்கத்துக்காரன்

வேலையை விடாதே மகள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடம் என்றால், 5 வருடம் முடிந்த பிறகு விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரும். உனக்கு இன்னும் 5 மாதம்தான் இருக்கிறது. கோபத்தில் கடிதம் கொடுக்காமல் வீட்டில் நின்றுவிடவும் கூடாது, சேவையைக் கைவிட்டதாக எழுதிவிடுவார்கள். அவர்களாக நிறுத்தினால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். திகதி, லோட் இலக்கம், இரண்டு அளவு எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கு.

பதில்: ஒட்டுசுட்டான் அக்கா

எனக்கும் தையல் நிலையத்தில் இப்படி நடந்தது. நான் எல்லாருக்கும் முன்னால் சத்தம் போட்டேன். அப்புறம் அவள் அழுதாள், பழி என்மேல் வந்தது. கையில் எதுவும் இல்லாமல் பெயர் சொல்லிவிடாதே பிள்ளை. அந்த அண்ணையோடு வழக்கம்போலக் கதை. போனை மட்டும் மேசையில் விட்டுவிட்டுப் போகாதே.

மீண்டும்: பரந்தன் பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. மீற்றர் தடுமாறவில்லை, மூன்று தரமும் ஒரே கணக்கு. செவ்வாய் காலை ஒரு பை மறுபடி ஒற்றை முடிச்சோடு இருந்தது. அவிழ்க்காமல் அப்படியே மனேஜரிடம் கொண்டுபோனேன். மேல் நெல் 15.4, அடி நெல் 13.7. விவசாயியிடம் கொடுத்த பையையும் எடுப்பித்தோம். அது 13.6.

மனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பிறகு இரும்பு அலுமாரியில் ஒரு தட்டை ஒழித்து, திறப்பை என் கையில் தந்தார். ஐயாவுக்குக் கழித்த காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி என் முன்னாலேயே எழுதிக் கையெழுத்து வைத்தார். சனிக்கிழமை அரை நாள். காசை நானே தருமபுரத்துக்குக் கொண்டுபோகிறேன்.